இரண்டாம் மதிப்பீட்டாளர் வீட்டுப் பூனை

'ஆகட்டும்' என்று சொன்னால் பல் கூசும், 'முடியாது' என்று சொன்னால் நாக்கு சுடும் என்று ஒரு மனித இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாத இனம் அல்ல. துணிக்கடையில் கடைக்காரரை அலமாரி மொத்தத்தையும் இறக்க வைத்து, கடைசியில் ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் ஒரு துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, இதே துணியில இன்னும் கொஞ்சம் வேற மாதிரி இருக்குமா?" என்று கேட்பாரே, அவர்தான். வாடகைக்கு வீடு பார்க்கப் போய், குழாயைத் திறந்து, கதவை ஆட்டி, சுவரைத் தட்டி, வீட்டுக்காரர் குடும்பத்தின் மூன்று தலைமுறை நோய்களை விசாரித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவர் திரும்பி வரவே இல்லையே, அவரும்தான்.

எல்லாத் தொழிலிலும் இவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கலப்பில்லாமல், நன்றாகக் கொழுத்து, ரோமம் பளபளக்க ஒரு மாதிரி உயிரைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் ஓர் ஆய்விதழின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதிலும் விலங்குகளின் தோல் நலத்துக்கென்றே நடக்கும் ஆய்விதழ் என்றால் விசேஷம். ஏனென்றால் அங்கே அரிப்பெடுப்பவர் ஒருவர், சொறிய அனுமதி தர வேண்டியவர் வேறொருவர்.

நம்முடைய ஆசிரியர் அப்படிப்பட்ட இதழ் ஒன்றைத்தான் நடத்தி வந்தார். கால்நடை மருத்துவக் கல்லூரியின் பின்கட்டில், படிக்கட்டுக்குக் கீழே சாய்வாக இறங்கும் கூரையுடன் ஓர் அறை. இரண்டு நாற்காலி, ஒரு கணினி, சுவர் முழுக்க சொறி, சிரங்கு, உண்ணிக் கடி, குளம்புப் புண் ஆகியவற்றின் வண்ணப் படங்கள். அவற்றை நல்ல சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வந்தவர்கள் யாரும் அங்கே தேநீர் குடித்ததில்லை. குடிக்கச் சொன்னால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். அறைக்கு ஜன்னல் கிடையாது.

இதழைப் படிப்பவர்கள் யார் என்று கேட்கிறீர்களா? அதில் எழுதுபவர்கள்தான். அவர்களும் தங்கள் கட்டுரையைத்தான் படிப்பார்கள். அப்படியானால் மற்றவர்கள் கட்டுரையை யாருமே படிப்பதில்லையா? படிக்கிறார்கள். மதிப்பீட்டாளர்கள் படிக்கிறார்கள். ஒரு கட்டுரை வந்தால் அதே துறையில் உள்ள வேறு இருவருக்கு அனுப்பி, 'இது தேறுமா?' என்று கேட்பது வழக்கம். யாரைக் கேட்டார்கள், யார் என்ன சொன்னார் என்று எழுதியவருக்குத் தெரியாது. உலகத்தில் எந்த மூலையிலும் அறிவியல் இப்படித்தான் சல்லடையில் சலிக்கப்படுகிறது. மிக நல்ல ஏற்பாடு. சலிக்கிற கைக்குத் தூக்கம் வராத வரை.

ஆசிரியரின் சிக்கல் என்னவென்றால், முதல் மதிப்பீட்டாளராக எப்படியாவது ஒருவரைப் பிடித்துவிடுவார். இரண்டாமவர்தான் கிடைப்பதில்லை. ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டு ஊரை விட்டே போய்விடுவார். இன்னொருவர் 'அவசியம் பார்க்கிறேன்' என்று எழுதி, அந்த ஒரு வாக்கியத்தோடு இலக்கிய வாழ்விலிருந்து ஓய்வு பெறுவார். வேறொருவர் கட்டுரையைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், தன்னுடைய பழைய கட்டுரைகளை எல்லாம் இதில் மேற்கோள் காட்டினால் நன்றாயிருக்கும் என்று பணிவோடு தெரிவிப்பார். பார்த்தார் ஆசிரியர். இத்தனை பேரைக் கெஞ்சுவதைவிட, இரண்டாம் மதிப்பீட்டாளராகத் தானே உட்கார்ந்துவிட்டால் என்ன?

உட்கார்ந்தார். அதன் பிறகு எழவே இல்லை.

இதில் ஏமாற்று வேலை என்று எதுவும் அவருக்குப் படவில்லை. ஆசிரியர் என்ற முறையில் அவர் சாதுவானவர், எல்லாரையும் 'வாங்க, வாங்க' என்பவர். இரண்டாமவர் அப்படி அல்ல. கறார். எழுதுகிறவனின் எலும்பை எண்ணிவிட்டுத்தான் சதையைப் பற்றிப் பேசுவார். காலையில் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டாமவராகக் குறிப்பு எழுதுவார், மத்தியானம் பழைய கண்ணாடியோடு அதைத் தானே திறந்து படித்து, "அடேயப்பா, என்னமா கேட்டிருக்கார்!" என்று வியப்பார். நாளாக நாளாக அவருக்கே இரண்டாமவரிடம் ஒரு மரியாதையும் லேசான நடுக்கமும் வந்துவிட்டன.

இரண்டாமவர் எந்தக் கட்டுரையையும் ஏற்றதில்லை. மறுத்ததும் இல்லை. ஏற்றால் பொறுப்பு. மறுத்தால் பகை. திருத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் பதவி. எலிகளைப் பற்றி எழுதினால் முயல்களையும் பார்த்திருக்கலாமே என்பார். முயலையும் சேர்த்து அனுப்பினால், இத்தனை விலங்குகளை ஒரே கட்டுரையில் அடைத்தது ஏன் என்பார்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் விலங்குக் காப்பகத்து டாக்டரின் கட்டுரை வந்து சேர்ந்தது.

டாக்டர் ஒரு பெண். ஆதரவற்ற பூனைகள் நிறைந்த காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர். பூனைகளுக்கெல்லாம் படர்தாமரை வந்துவிட்டது. வட்ட வட்டமாக முடி கொட்டி, தொட்ட மனிதரையும் பற்றும் நோய். டாக்டர் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த கரைசலில் வாராவாரம் பூனைகளைக் குளிப்பாட்டினார், அறைகளைக் கழுவித் தள்ளினார், பூனைகள் தேறிக்கொண்டு வந்தன. அந்தக் கரைசல் அழுகிய முட்டை போல நாறும். டாக்டர் வருவதற்கு முன் அவர் வாசனை வரும். போன பிறகும் இருக்கும். ஆசிரியர் குழுவில் அவருக்குக் 'கந்தகம்' என்று பெயர்.

ஆனால் நகர சுகாதாரப் பிரிவுக்கு வாசனை மட்டும்தான் எட்டியது. 'மனிதர்களுக்குத் தொற்றும் நோய். பூனைகளைக் கொன்று, காப்பகத்தை மூடு' என்று உத்தரவு தயாராகிவிட்டது. டாக்டர் போய்ச் சண்டை போட்டார். அங்கே இருந்த அதிகாரி, "குணமாகுதுன்னு நீங்க சொன்னா போதுமாம்மா? ஒரு ஆய்விதழ்ல அச்சாகி வரட்டும், ஒத்துக்கறேன். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் டைம்" என்றார். நாட்டில் இருந்ததோ விலங்குத் தோலுக்கென்று ஒரே ஒரு இதழ். ஆக, அத்தனை பூனைகளின் உயிரும் சாய்வுக் கூரைக்குக் கீழே வந்து காத்திருந்தது.

முதல் மதிப்பீட்டாளர் 'அருமை, உடனே வெளியிடுங்கள்' என்று எழுதிவிட்டார். இரண்டாமவர் விடுவாரா?

"சார், காப்பகத்துலேருந்து டாக்டர் பேசறேன். கட்டுரை என்னாச்சு சார்?"

"போய்க்கிட்டிருக்கும்மா."

"எங்க போய்க்கிட்டிருக்கு?"

"மதிப்பீட்டுக்கு."

"போன மாசமும் அங்கதானே சார் போச்சு?"

"அப்ப போனது அப்ப. இப்ப வந்துட்டு மறுபடி போயிருக்கு. ரெண்டாம் மதிப்பீட்டாளர் ஒரு கேள்வி கேட்டிருக்கார். மருந்து குடுக்காம சும்மா விட்டுவெச்ச பூனைங்க எங்கேன்னு. ஒப்பிட்டுப் பாக்க ஒரு கூட்டம் வேணுமில்லையா?"

"எல்லாப் பூனைக்கும் நோய் சார். கையில மருந்தை வெச்சுக்கிட்டு, 'பாதிப் பேர் இந்தப் பக்கம் வாங்க, மீதிப் பேர் சொறிஞ்சுக்கிட்டே செத்துப் போங்க'ன்னு சொல்ல முடியுமா?"

"நான் சொல்லலைம்மா. அவர் சொல்றார்."

"அவர் யாருன்னு சொல்லுங்க. நான் நேர்ல போய்ப் பேசிக்கறேன்."

"ஐயையோ, அது பரம ரகசியம். அவர் ரொம்பக் கறாரானவர். எனக்கே அவரைக் கண்டா கொஞ்சம் பயம்தான்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆசிரியரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாளைப் பார்த்தால் சரி அல்லது தப்பு என்று போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டும் வம்சம். இப்படி இருவரை ஒரே வீட்டில் போட்டது யார் என்று கேட்காதீர்கள். பெண் பார்க்கப் போன அன்று ஆசிரியர் 'யோசிச்சுச் சொல்றேன்' என்றார், டீச்சர்தான் 'நான் யோசிச்சுட்டேன்' என்றார். அந்த டீச்சர் போன மாதம் காப்பகத்திலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனையைத் தூக்கி வந்தார். நடையைப் பார்த்துச் சீமாட்டி என்று பெயர் வைத்தார்.

"என்னங்க, சீமாட்டிக்குக் காதுகிட்ட வட்டமா முடி கொட்டியிருக்கு. படர்தாமரை மாதிரி இருக்கு."

"மாதிரின்னெல்லாம் சொல்லக்கூடாது."

"சரி. படர்தாமரை."

"அப்படியும் சொல்லக்கூடாது."

"பின்ன எப்படிச் சொல்றது?"

"வட்ட வடிவ முடி உதிர்வு. காரணம் தெரியவில்லை."

"உங்களுக்குத் தெரியலை. காப்பகத்து டாக்டருக்குத் தெரியுது. வாரத்துக்கு ஒரு தடவை தூக்கிட்டு வாங்க, அந்தக் கரைசல்ல குளிப்பாட்டி விடறேன்னு அன்னைக்கே சொன்னாங்க."

ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கூடவே கூடாது."

"ஏன்?"

"அந்தக் கரைசல் இப்ப என் பரிசீலனையில இருக்கு."

"கரைசல் அவங்க தொட்டியில இருக்கு."

"புரியாம பேசாதே. ஆசிரியர் வீட்டுப் பூனையே அதுல குளிச்சுதுன்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? குணமாச்சுன்னா எனக்கு அந்த டாக்டர் மேல ஒரு சார்பு வந்துடும். குணமாகலைன்னா விரோதம் வந்துடும். ரெண்டுமே நடுநிலைக்குக் கேடு. கட்டுரை முடிவாகற வரைக்கும் பூனை காத்திருக்கட்டும்."

"பூனை காத்திருக்கும். படர்தாமரை காத்திருக்குமா?"

டீச்சரை அவருக்குத் தெரியும். பேச்சோடு நிற்கிறவர் அல்ல. எனவே மறுநாள் காலை, பூனையைத் தூக்கிப் போகிற மூடிபோட்ட கூடையைக் கையோடு எடுத்துப் போய் அலுவலகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆய்வு நெறியைக் காப்பாற்ற அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே துணிச்சலான நடவடிக்கை அது. கூடை இல்லாமல் சீமாட்டியைப் பேருந்தில் கொண்டுபோக முயன்ற டீச்சர் முதல் நிறுத்தத்திலேயே இறக்கிவிடப்பட்டார்.

சீமாட்டிக்கு நடுநிலை பற்றியெல்லாம் தெரியாது. தினமும் சாயங்காலம் ஆசிரியரின் வலக்கை மீது தலைவைத்துத் தூங்குவது அதன் வழக்கம். சில நாளில் அந்தக் கையில் ஒரு சிவந்த வட்டம் பூத்தது. ஓரம் தடித்து, நடு வெளுத்து, நமைச்சலோடு அழகாக வளர்ந்தது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படங்களில் ஒன்று கழன்று வந்து கையில் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. கல்லூரியில் முதல் வருஷ மாணவன்கூடத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். ஆசிரியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சொறிந்தார். யோசித்தார். 'காரணம் தெரியவில்லை' என்ற முடிவுக்கு வந்து, முழுக்கைச் சட்டைக்கு மாறினார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கையை மட்டும் படம் எடுத்து, அனுப்பியவர் பெயரை மறைத்து, 'கருத்து தேவை' என்று ஆசிரியர் குழுவினர் மூவருக்கும் அனுப்பினார். அந்த மூவரையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் குதிரைத் தோல் நிபுணர். குதிரைக்காரர் என்றே பெயர். அடுத்தவர் செம்மறித் தோலில் வாழ்நாளைக் கழித்த ஆட்டுக்காரர். மூன்றாமவர் மீன்களின் செதிள் நோயில் புலியான மீன்காரம்மா.

பதில்கள் வந்தன. சேணம் உராய்ந்த தழும்பாக இருக்கலாம் என்றார் குதிரைக்காரர். கம்பளி கத்தரிக்கும்போது கத்தி பட்டிருக்கலாம் என்றார் ஆட்டுக்காரர். மீன்காரம்மாதான் நுணுக்கமாகப் பார்த்திருந்தார். 'விலங்கின் இனம் குறிப்பிடப்படவில்லை. முடி மிகக் குறைவாக இருப்பதையும் தோல் தொங்குவதையும் பார்த்தால் வயதான பன்றி என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் சொல்ல மேலும் படங்கள் தேவை.'

ஆசிரியர் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மேலும் படங்கள் அனுப்பவில்லை.

அலுவலக அறையில் இரண்டே நாற்காலி என்பதால் குழுக் கூட்டம் எப்போதும் ஆசிரியர் வீட்டு முன்னறையில்தான் நடக்கும். அந்த மாத ஆரம்பத்தில் நடந்த கூட்டத்துக்குச் சீமாட்டியும் வந்திருந்தது. விலங்குத் தோலிலேயே ஆயுளைக் கழித்த அந்த மூவரும் உயிரோடிருக்கும் ஒரு விலங்கைத் தொட்டு வெகுகாலமாகியிருந்தது. "அட, சூடா இருக்கே!" என்று ஆளாளுக்கு மடியில் வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சினார்கள். கழுத்தில் போட்டுக்கொண்டார் குதிரைக்காரர். சீமாட்டியும் பாரபட்சம் காட்டாமல் எல்லார் மீதும் உரசிவிட்டுப் போனது.

மாதக் கடைசியில் மறுபடி கூடினார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் காலம். ஆட்டுக்காரர் மணிக்கட்டு வரை மூடிய சட்டையில் வந்தார். குதிரைக்காரர் கழுத்தில் கம்பளித் துண்டு. மீன்காரம்மா இரண்டு கைக்கும் வெள்ளை உறை போட்டுக்கொண்டு, "வெயில் ஒத்துக்கல" என்றார். "ஆமாமா, இந்த வருஷம் யாருக்குமே ஒத்துக்கல" என்றார் ஆசிரியர் அவசரமாக.

பிறகு நடந்ததை வாய்விட்டுச் சிரிக்காமல் பார்க்க டீச்சரால் மட்டும்தான் முடிந்தது. வகுப்பறையில் பழகிய முகம். குதிரைக்காரர் பேசிக்கொண்டே, தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பிக் கழுத்தை நாற்காலி முதுகில் தேய்த்தார். ஆட்டுக்காரர் எழுந்து கதவு நிலையில் சாய்ந்து, யோசிப்பது போல மேலும் கீழும் உரசிக்கொண்டார். மீன்காரம்மா உட்கார்ந்த இடத்தில் துள்ளினார். நால்வருக்கும் என்னவென்று தெரியும். நால்வரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். யார் முதலில் பெயரைச் சொல்வது? சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். தோல் நிபுணருக்கே தோல் வியாதியா என்ற கேவலம் வேறு. இவ்வளவு ஞானம் ஒரே அறையில் சேர்ந்து ஒரு வட்டத்துக்குப் பெயர் வைக்கப் பயந்த காட்சியைச் சரித்திரம் கண்டிருக்காது.

"காப்பகத்துக் கட்டுரை..." என்று ஆரம்பித்தார் ஆசிரியர். "ரெண்டாமவர் இன்னும் திருப்திப்படலை. மருந்து குடுக்காத கூட்டம் இல்லாம..."

அழுகிய முட்டை வாசனை வந்தது. பின்னாலேயே டாக்டர் வந்தார். வாசலில் யாரும் தடுக்கவில்லை. டீச்சர்தான் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

"மன்னிக்கணும், கூப்பிடாமத்தான் வந்தேன்" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலையில சுகாதாரப் பிரிவு வண்டி வருது. இன்னைக்கு ஒரு 'ஆகட்டும்' சொன்னீங்கன்னா பூனைங்க பிழைக்கும். இல்லேன்னா ஒரு 'முடியாது' சொல்லுங்க, நான் போய் அதுங்க கூடவாவது கொஞ்ச நேரம் இருக்கேன். ரெண்டுல ஒண்ணு வேணும்."

"அப்படி அவசரப்படுத்தக் கூடாதும்மா" என்றார் ஆட்டுக்காரர், கதவு நிலையில் உரசியபடி.

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு கம்பளித் துண்டைப் பார்த்தார். வெள்ளை உறைகளைப் பார்த்தார். ஆசிரியர் வலது கை மணிக்கட்டுப் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தார். சோபாவின் மீது, காதைச் சுற்றி வழுக்கையோடு படுத்திருந்த சீமாட்டியைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இதைக் குளிப்பாட்டக் கொண்டு வரவே இல்லையே நீங்க?"

"கூடையை ஆபீசுல வெச்சுப் பூட்டிட்டாரு. நடுநிலையாம்."

டாக்டர் இரண்டடி முன்னால் வந்தார். "சார், அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்கும்மா?"

"பயப்படாதீங்க, குளிப்பாட்ட மாட்டேன்."

ஆசிரியர் குழுவைப் பார்த்தார். குழு கூரையைப் பார்த்தது. சட்டைக் கை மெல்ல மேலே ஏறியது. மீன்காரம்மாவின் வாய் பிளந்தது. "அந்தப் பன்றி..." என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"ஒப்பீட்டுக்கு மருந்து குடுக்காத கூட்டம் ஒண்ணு வேணும்னுதானே கேட்டீங்க?" என்றார் டாக்டர். குரலில் கோபம்கூட இல்லை, களைத்துப் போயிருந்தது. "இதோ இருக்கே. மருந்து குடுக்காத பூனை ஒண்ணு. அதைத் தொட்டுட்டு மருந்து போட்டுக்காத பெரிய மனுஷங்க நாலு பேர். ஒருத்தருக்கும் தானா ஆறலை. இதைவிட நல்ல கூட்டத்தை நான் எங்க போய்த் தேடுவேன்?"

"ஆனா இது படர்தாமரைதான்னு..." என்று குதிரைக்காரர் இழுத்தார்.

"இல்லேன்னு நீங்க எழுதிக் குடுங்க சார். முதல் வருஷப் பையனுக்கும் தெரியற வியாதி தெரியாத நாலு பேர் விலங்குத் தோலுக்குப் பத்திரிகை நடத்தறாங்கன்னு நான் போட்டுக்கறேன்."

அறையில் சொறியும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "நோய் வந்த பூனை எந்தெந்த வீட்டுக்குப் போச்சுன்னு விலாசம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. காப்பகம் முடிஞ்சதும் வண்டி நேரா இங்கதான் வரும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த டீச்சர் உள்ளே வந்தார். சோபாவில் இருந்த சீமாட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்படி ஆட்டுக்கிடை மாதிரி உரசிக்கிட்டு நின்னது போதும். முடிவைச் சொல்லுங்க."

"எனக்கு ஆட்சேபணையே இல்லைம்மா" என்றார் ஆசிரியர் பரிதாபமாக. "நான் எப்பவோ போட்டுருப்பேன். ரெண்டாமவர் ஒத்துக்கணுமே! அவரைக் கேக்காம..."

"அவரைத்தானே? கேட்டுட்டாப் போச்சு. தினம் காலையில அந்த ரெண்டாமவருக்குக் காப்பி போட்டுக் குடுக்கறதே நான்தான். கண்ணாடியை மாத்திப் போட்டுக்கிட்டு, 'கவனக் குறைவு, கவனக் குறைவு'ன்னு முணுமுணுத்துக்கிட்டே எழுதுவாரு. ஒரு தடவை காப்பியில சர்க்கரை போதாதுன்னு திருத்தம்கூடக் கேட்டாரு."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

"என் கட்டுரையைப் பத்தி 'வாதம் நொண்டுகிறது, லாடம் கட்டி வரவும்'னு எழுதினது நீங்களா?" என்றார் குதிரைக்காரர், சொறிவதையும் மறந்து.

"'கட்டுரையாளர் கரையிலேயே நின்று தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறார்'!" என்று கூவினார் மீன்காரம்மா. "ரெண்டு வருஷம் சார்! அழுதுக்கிட்டு வந்தப்ப, 'விடுங்கம்மா, அந்த ஆளு அப்படித்தான், ஈவு இரக்கம் இல்லாதவன்'னு நீங்கதானே ஆறுதல் சொன்னீங்க?"

"அதை மனசாரத்தான் சொன்னேன்" என்றார் ஆசிரியர்.

மன்னிக்க முடியாதவை எத்தனையோ இருக்க, இந்தப் பதிலைத்தான் குழுவால் மன்னிக்கவே முடியவில்லை. விஞ்ஞானத்துக்காக ஒருநாளும் ஒன்றுபடாத மூவரும், பழைய புண் கிளறப்பட்டதும் ஒன்றுபட்டார்கள். கட்டுரையை ஏற்க வேண்டும், இந்த நிமிஷமே ஏற்க வேண்டும், ரெண்டாமவர் மூக்கறுபட ஏற்க வேண்டும் என்று மேஜையைத் தட்டினார்கள். பூனைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் பூனைகளுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆசிரியர் மனைவியைப் பார்த்தார். தோளில் சீமாட்டி அவரை அரைக்கண்ணால் பார்த்தது.

"சரி" என்றார்.

"என்ன சரி? விடையை முழுசா எழுதணும்."

"படர்..." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "படர்தாமரை. கட்டுரை ஏற்கப்பட்டது."

சொன்ன பிறகு வீடு இடிந்து விழவில்லை என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏற்புக் கடிதம் எழுதத்தான் சிரமப்பட்டார். கணினியில் 'பெரிய திருத்தம்', 'சிறிய திருத்தம்', 'மேலும் ஒரு முறை திருத்தம்' என்று தயாராக வைத்திருந்த கடிதங்களில் ஏற்புக்கு என்று ஒன்றும் இல்லை. கடைசியில் டாக்டரே சொல்லச் சொல்லத் தட்டினார். கட்டுரை அன்றே இணையத்தில் ஏறியது. மருந்து கொடுக்காத பூனை ஒன்றும், அதோடு பழகிய 'முதிர்ந்த மனிதர்கள் நால்வரும்' பின்னிணைப்பில் இடம் பெற்றார்கள். முகம் தெரியாமல், கையும் கழுத்தும் மட்டும்.

மறுநாள் காலை வண்டியோடு வந்த அதிகாரி தலைப்பைப் படித்தார், இதழின் பெயரைப் படித்தார், நடுவில் இருந்த எதையும் படிக்கவில்லை. "அச்சுல வந்துடுச்சுல்ல? அப்ப சரி" என்று வண்டியைத் திருப்பினார். காப்பகம் பிழைத்தது. சீமாட்டி கரைசலில் முங்கி எழுந்து, மஞ்சள் பாரித்து, வீடெல்லாம் நாறிக்கொண்டு வலம் வந்தது. ஆசிரியர் தன் கையில் இருந்த வட்டத்துக்கு என்ன மருந்து என்று பெரிய நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, டீச்சர் பாதி பிதுக்கிய ஒரு களிம்புக் குழாயை முன்னால் போட்டார். அவருக்கும் மணிக்கட்டில் வந்திருந்ததாம். மருந்துக் கடையில் கேட்டாராம், கொடுத்தார்களாம், போட்டாராம், போய்விட்டதாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா திருத்தம் கேப்பீங்க."

இத்தோடு கதை சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். தொந்தரவு கொடுப்பவருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவது குழுக்களின் பழைய தந்திரம். டாக்டரை ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் மதிப்பீட்டாளர் பதவியும் காலியாகத்தானே இருந்தது? அதையும் அவருக்கே கொடுத்தார்கள். தூரத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் இளம் மருத்துவர் தெருநாய்களின் காதுப் புண்ணைப் பற்றி அனுப்பிய கட்டுரை அவரிடம் வந்தது. அங்கேயும் ஏதோ உத்தரவு, ஏதோ அவசரம் என்று அடிக்குறிப்பில் கெஞ்சியிருந்தார்.

டாக்டர் படித்தார். நல்ல கட்டுரை. ஏற்கலாம் என்று எழுதக் கை போனது. போன கை நின்றது. நாற்காலி சொகுசாக இருந்தது. 'நாய்களை மழைக்காலத்தில் மட்டும் பார்த்திருக்கிறார். வெயில் காலத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால் நல்லது' என்று எழுதி அனுப்பிவிட்டுக் கந்தக வாசனையோடு பூனைகளைக் குளிப்பாட்டப் போனார்.

அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்களா? திட்டுங்கள். நியாயம்தான். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. நாலு மனிதர்களின் கைகளைக் காட்டிப் பூனைகளுக்கான மருந்தை நிரூபிப்பது எந்த ஊர் விஞ்ஞானம், பூனைக்கு ஒப்பீடு பூனைதானே, அதுவும் ஒரே ஒரு பூனை எப்படிப் போதும் என்று சற்று முன்னால் உங்கள் மனசில் ஓர் ஓரத்தில் உறுத்தியதா? உறுத்தியிருந்தால், ஒப்புக்கொள்கிறோம், நீங்கள் கேட்பது முற்றிலும் சரி. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதைத் தவிர, அதில் குறை ஒன்றும் இல்லை.